தோட்டத்துப் பக்கம் வராதவர்

அந்த அக்காவிடம் எப்போது போய், "என்னக்கா செய்யிறியள்?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான். "ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை, சும்மா நிக்கிறன்." இதைச் சொல்லும்போது கையில் சாம்பல் பூசிய மீன் இருக்கும். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். காலடியில் நிற்கும் பூனையையும் வாசலில் நிற்கும் கோழியையும் ஒரே நேரத்தில் துரத்திக்கொண்டிருப்பார். கேட்டால் மட்டும் சும்மா நிற்கிறாராம்.

ஒருநாள் ஒழுங்கையில் அடுப்புக்கான பனங்காவோலைக் கட்டு ஒன்று என்னை நோக்கி நடந்து வந்தது. ஆளைவிடக் கட்டு பெரிது. கீழே தெரிந்த இரண்டு கால்களை வைத்துத்தான் அக்கா என்று கண்டுபிடித்தேன். "எங்கையக்கா போட்டு வாறியள்?" என்றேன். "சும்மா ஒரு நடை நடந்திட்டு வாறன்," என்றது காவோலைக் கட்டு. நான் ஒழுங்கையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். உள்ளேயிருந்து அவரும் சிரித்தார், கட்டுக் குலுங்கியது.

அந்தச் "சும்மா"வை இப்போது நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அழுகை அதற்குப் பிறகு வரும்.

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவள். தோட்டங்களுக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர்களின் கன்னத்து உட்புறத்தைச் சின்னத் தூரிகையால் நோகாமல் சுரண்டி, வருகிற உயிர்க்கலங்களைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரு கரு உண்டு. தாய் தகப்பனிடமிருந்து நமக்கு வந்ததும், நம்மிடமிருந்து பிள்ளைக்குப் போவதும் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. நஞ்சு பட்டு அதில் ஏதும் உடைந்தால், கலம் பிரியும்போது உடைந்த துண்டு சேர இடமில்லாமல், பெரிய கருவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பொட்டாக நின்றுவிடும். நாள் முழுக்கக் கழுத்து விறைக்க இருந்து அந்தக் குட்டிப் பொட்டுகளைத் தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மருந்து அடிக்கிறவர்களை மட்டும் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது. அதே ஊரில், அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டு, மருந்தோடு சோலி இல்லாமல் இருக்கிறவர்களையும் பார்த்து ஒப்பிட வேண்டும். வெற்றிலை போடுகிறவர்களும் சுருட்டுப் பிடிக்கிறவர்களும் சரிவரமாட்டார்கள், அதுவே கன்னத்தைக் கெடுத்துவிடும். இப்படி ஆள் தேடித்தான் பண்ணைப் பாலம் கடந்து வேலணைக்குப் போனோம். மண்கும்பானுக்கு இந்தப் பக்கம், வெங்காயமும் புகையிலையும் போடுகிற ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அந்த வீட்டு அண்ணை புகையிலை பயிரிட்டும் சுருட்டைத் தொடாதவர், வெற்றிலையும் போடாதவர். அப்படி ஒருவர் கிடைத்ததற்கு எங்கள் மிஸ், ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர், வாகனத்துக்குள்ளேயே கைதட்டினார்.

அண்ணையின் கன்னத்தைச் சுரண்டி முடித்ததும், ஒப்பிடுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று சொன்னோம். அவர் அடுப்பு எரிந்துகொண்டிருந்த குசினிப் பக்கம் கையைக் காட்டினார்.

"அவளிட்டை எடுங்கோ. என்ர மனிசி தோட்டத்துப் பக்கமே வாறேல்லை. கலியாணம் கட்டின நாளில இருந்து நான் அவளை வெயிலுக்கை விட்டதில்லை."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. மனைவியைத் தோட்டத்தில் குனியவிடாத ஆம்பிளை என்பது அந்தக் குடும்பங்களில் சின்ன விஷயம் இல்லை. அவர் அக்காவில் நல்ல பட்சமானவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அவரைத் தப்பாக நினைப்பீர்கள்.

அக்கா ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து கதிரையின் நுனியில் இருந்தார். வாயை மூன்று தரம் கொப்பளித்துவிட்டு வந்திருந்தார்.

"என்னட்டை என்ன கிடக்கெண்டு எடுக்கப் போறியள் பிள்ளை?"

"ஒண்டும் இல்லாத ஆக்கள்தான் அக்கா எங்களுக்கு வேணும்."

"அப்ப நான் சரி," என்று சிரித்து வாயைத் திறந்தார்.

வெற்றிலை போடுறனீங்களோ, மருந்து அடிக்கப் போறனீங்களோ என்று கேட்டேன். சீச்சீ என்றார். தோட்டத்தில் வேறு வேலை? அவர் விடமாட்டார் என்றார். எல்லாமே உண்மை.

தகடுகளை யாருடையது என்று தெரியாமல்தான் பார்ப்போம், இலக்கம் மட்டும் இருக்கும். ஒரு தகட்டில் குட்டிப் பொட்டுகள் மலிந்து கிடந்தன. யாரோ பாவம், கனகாலம் மருந்து அடித்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். இலக்கத்துக்கு ஆள் யார் என்று பார்த்தபோது அது அக்கா. அண்ணையின் தகடு அவ்வளவு மோசம் இல்லை. "இரண்டும் மாறிப்போச்சு," என்றார் மிஸ். எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்தது. என் கையால் இலக்கம் ஒட்டின தகடுகள் மாறுவதில்லை. "நான் திரும்பப் போய் எடுத்துக்கொண்டு வாறன் மிஸ்," என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் அந்த வீட்டுக்கு அறிவிக்காமல் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

நான் படலையைத் திறந்தபோது நன்றாக விடிந்திருக்கவில்லை. அக்கா கிணற்றடியில் நின்றார். பக்கத்தில் தண்ணீர் நிரம்பிய ஒரு நீலப் பரல், பெரிய பிளாஸ்டிக் பீப்பாய். கையிலிருந்த மருந்துப் போத்தலின் மூடியைத் திருகித் திறந்தார். போத்தல் வாயில் ஒட்டியிருந்த தகட்டுத் தாள் வரமாட்டேன் என்றது. நகத்தால் கிளப்பிப் பார்த்தார். பிறகு போத்தலை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், தாளைப் பல்லால் கடித்து இழுத்து, துப்பினார். நான் படலையடியிலேயே நின்றுவிட்டேன். மூடியால் அளந்து பரலுக்குள் ஊற்றினார், பனைமட்டையால் கலக்கினார். இன்னொரு பைத்தூளைக் கொட்டி, அடியில் கட்டிபட்டதை முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்து கரைத்தார். காற்று என் பக்கம் திரும்பியபோது என் கண்ணே கரித்தது. அவர் முகத்தை மட்டும் ஒருபக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணை தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். அக்கா வாளியால் அள்ளி மருந்துத் தாங்கியை நிரப்பி, தூக்கி அவர் முதுகில் மாட்டிவிட்டார். அவர் தோட்டத்துக்குப் போனார். அக்கா, அவர் முதல்நாள் கழற்றிப் போட்ட சாரத்தையும் சேட்டையும் எடுத்துக் கல்லில் வைத்துத் தோய்க்கத் தொடங்கினார். அப்போதுதான் என்னைக் கண்டார்.

"எப்ப பிள்ளை வந்தனீர்? இரும், தேத்தண்ணி ஊத்துறன்."

"இப்ப என்னக்கா செய்தனீங்கள்?"

அவர் சுற்றிவரப் பார்த்தார். தான் என்ன செய்தேன் என்று உண்மையாகவே தேடினார்.

"ஒண்டும் செய்யேல்லையே. இதைக் கேட்கிறீரோ? இது அவருக்குக் கரைச்சுக் குடுக்கிறது. அரிசி கழுவுற மாதிரித்தானே."

"எவ்வளவு காலமாய்?"

"கலியாணம் கட்டின நாளில இருந்து."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஒழுங்கைகளில் மருந்து அடிப்பது ஆம்பிளையின் வேலை. கரைத்துக் கொடுப்பது, தோட்டத்துக்குப் போகிறவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது போல. அதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. நான் அன்று மற்ற வீடுகளுக்கும் போய்க் கேட்டுப் பார்த்தேன். மருந்தோடு சோலி இல்லாதவர்கள் என்று நாங்கள் தெரிந்தெடுத்திருந்த அக்காமார் எல்லாரும் விடியப்புறம் கரைக்கிறவர்கள்தான். மிஸ் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். எங்கள் ஆய்வை அடியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டி வந்தது.

அடுத்த முறை போகும்போது தடித்த கையுறை ஒரு சோடி கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். வாங்கித் தடவிப் பார்த்தார். "நல்ல சாமானாய்க் கிடக்கு," என்றார். பிறகு ஒவ்வொரு முறையும் கேட்பேன், கையுறை எங்கே என்று. ஒருநாள் இழுத்துக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்து காட்டினார். தன் கூறைச்சேலைக்குக் கீழே, பை கூடப் பிரிக்காமல், பத்திரமாக வைத்திருந்தார். "புதுசைக் கொண்டுபோய் மருந்துக்கை விடுறதே?" என்று என்னையே கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்று அவர் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்தேன்.

ஊர்ச் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்து மிஸ் எல்லாம் விளக்கினார். கரைக்கிறவருக்கு அடிக்கிறவரைவிடக் கூடச் சேதம், ஊற்றும்போது மருந்து தண்ணீர் கலக்காமல் இருக்கிறது, உடுப்புத் தோய்க்கிறவர்களும் கவனம் என்று சொன்னார். அண்ணை முன்வரிசையில் இருந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முடிவில் எழுந்து, "நல்ல விஷயம். எல்லாரும் கேட்டு நடக்கவேணும். எங்கட வீட்டில அந்தப் பிரச்சினை இல்லை," என்றார். பின்னால் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றது அக்கா.

நான் அவரைத் தனியே பிடித்து, "அண்ணை, அக்காதானே உங்களுக்குக் கரைக்கிறவ?" என்றேன். "அது ரெண்டு நிமிசச் சோலி, அது ஒரு வேலையே?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, இனி நானே கரைக்கிறன்," என்றார். சொன்னபடி செய்யத்தான் நினைத்தார். ஆனால் அவர் எழும்ப முதல் அக்கா முடித்துவிடுவார். "நாள் முழுக்க முதுகில சுமக்கிற மனிசன் பாவம்," என்பது அவர் நியாயம்.

அந்த வருடம் அவர்களுடைய ஒரே மகள் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய கணவர் எழுவைதீவில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், இந்த நேரத்தில் படகை நம்பி அங்கே இருக்க ஏலாது என்று அனுப்பியிருந்தார். ஒருநாள் நான் போனபோது, மகள் கிணற்றடியில் தகப்பனின் மருந்து பட்ட சேட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட சத்தத்தில் அக்கா குசினிக்குள்ளிருந்து ஓடி வந்தார்.

"அவள் ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை, சும்மா அந்தச் சேட்டை மட்டும்..." என்று தொடங்கினவர், தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டதுபோல நிறுத்தினார். சேட்டை மகளின் கையிலிருந்து பறித்தார்.

மகள் படுக்கப் போனபிறகு குசினிக்குள் இருந்து என் போனில் ஒரு படம் காட்டினேன். அவருடைய சொந்தக் கலம்தான். "இதுதான் கரு அக்கா. பக்கத்தில சின்னனாய் நிக்குதே, அது உடைஞ்சு பிரிஞ்ச துண்டு." போனை வாங்கிக் கிட்ட வைத்துப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"பிள்ளை, ஒண்டு கேட்கட்டோ?"

மகளுக்குப் பிறகு மூன்று பிள்ளைகள் தங்கவில்லை என்று சொன்னார். இரண்டு வயிற்றிலேயே போயின. மூன்றாவது ஆண்பிள்ளை, பிறந்த அன்றே போய்விட்டது. மாமியார் ஒரு காரணம் சொன்னாராம், சாத்திரியார் இன்னொன்று சொன்னாராம். அக்கா தனக்கென்று ஒன்று வைத்திருந்தார்: அந்த மாதங்களில் ஒருநாள் கிணற்றுக்கட்டில் ஏறிக் குனிந்தது.

"நான்தான் கவனமில்லாமல் திரிஞ்சு பிள்ளையளைத் துலைச்சனான் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான். இதாலயோ பிள்ளை?"

எங்கள் சோதனை நூறு பேரைச் சேர்த்து வைத்துத்தான் பேசும். ஓர் ஆளைத் தனியே நிறுத்தி, உனக்கு வந்தது இதனால்தான் என்று சொல்ல அதனால் முடியாது. இதை நான் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். அன்று அந்தக் குசினிக்குள் அதை இப்படித்தான் சொன்னேன்.

"இதாலதான் எண்டு என்னால சொல்ல ஏலாதக்கா. இதால இல்லையெண்டும் சொல்ல ஏலாது. ஆனால் உங்கட பிழை இல்லை. அதை நிச்சயமாய்ச் சொல்லுவன்."

அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் கொஞ்சம் இளகியது, பிறகு ஏதோ நினைவு வந்து இறுகியது.

"மருந்து வாங்கிக்கொண்டு வந்தது அவரெல்லே?"

"அண்ணைக்கும் தெரியாதுதானே அக்கா."

"தெரியாது. தெரிய வந்தால் தாங்கமாட்டார். அந்த ஆம்பிளைப் பிள்ளைக்குத் தன்ர அப்பான்ர பேரை வைச்சு, விடியவிடியக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தவர்." என் கையைப் பிடித்தார். உள்ளங்கை மரப்பட்டைபோல் இருந்தது. "அவருக்குச் சொல்லிப்போடாதேயும். இவ்வளவு காலமும் என்ர பிழையாய்த்தானே கிடந்தது. அப்பிடியே கிடக்கட்டும்."

நான் ஓம் என்றேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வேறு என்ன சொல்வது?

அன்றிலிருந்து மகள் கிணற்றடிக்குப் போக ஏலாது. மருந்துப் போத்தல்கள் குசினி மூலையிலிருந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போயின. தகப்பனின் உடுப்பு இருக்கிற பக்கம் மகள் திரும்பினாலே அக்கா சத்தம் போடுவார். நான் சொன்ன எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் மகளுக்குச் செய்தார். தனக்கு மட்டும் செய்யவில்லை. விடியப்புறம் எழும்பி, அவரே கரைத்து, அவரே தோய்த்து, மகள் எழும்ப முதல் கிணற்றடியைக் கழுவிவிட்டிருப்பார். கையுறையைப் பற்றிக் கேட்டால், "போடுறன், போடுறன்," என்று கதையை மாற்றுவார்.

பெண்பிள்ளை பிறந்தது. நல்ல சுகமாகப் பிறந்தது. அக்கா எனக்குப் போன் எடுத்து, "எல்லா விரலும் இருக்கு பிள்ளை, நான் எண்ணிப் பார்த்தனான்," என்றார்.

குழந்தை தவழத் தொடங்கிய காலத்தில் அக்காவுக்கு இயலாமல் வந்தது. முதலில் களைப்பு, பிறகு காய்ச்சல், பிறகு உடம்பில் கண்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்த கண்டல். இரத்தத்தில் பிழை என்று யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் தங்கவைத்து மறித்துவிட்டார்கள். பூச்சிமருந்தால்தான் வந்தது என்று நான் எழுதமாட்டேன், எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்த உரிமை இல்லாமல் இருப்பதைப்போல ஒரு கொடுமை இல்லை.

கடைசியாகப் பார்த்தபோது அக்கா வாட்டில் பக்கத்துக் கட்டில் பெண்ணின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். பாதியில் கை சோர்ந்து போர்வை மடியில் விழுந்தது. "பாரும், இப்ப உண்மையாய்ச் சும்மா இருக்கிறன்," என்று சிரித்தார். பிறகு கிட்ட வரச் சொன்னார்.

"என்ர பிழை இல்லையெண்டு சொன்னனீர் என்ன?"

"ஓம் அக்கா."

"அது காணும், வேறையொண்டும் வேண்டாம்."

செத்தவீட்டுக்கு நாங்கள் எல்லாரும் போனோம். அக்காவுக்குக் கூறைச்சேலையைத்தான் உடுத்திவிட்டிருந்தார்கள். அண்ணை வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "தோட்டத்துப் பக்கமே வராதவள். வெயிலுக்கை விடாமல் வைச்சிருந்தனான். அவளுக்கு ஏன் இப்பிடி வந்தது?" என்னிடமும் கேட்டார். மிஸ் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்து, மகளும் குழந்தையும் எழுவைதீவுக்குப் போய்விட்ட பிறகு ஒரு காலை அந்தப் பக்கம் போனேன். அண்ணை கிணற்றடியில் தனியே நின்றார். வெங்காயத்தில் பூச்சி விழுந்துவிட்டது, மருந்து அடிக்காமல் விட ஏலாது என்றார். கையில் புதுப் போத்தல். தகட்டுத் தாளை நகத்தால் கிளப்பிக் கிளப்பிப் பார்த்தார். வரவில்லை. போத்தலை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"வாயில வைக்காதேங்கோ அண்ணை!"

என் கத்தலில் அவர் போத்தலைக் கீழே இறக்கினார். நான் ஓடிப்போய்க் குசினிக் கத்தியை எடுத்துவந்து தாளைக் கிழித்துக் கொடுத்தேன். மூடியில் ஊற்றினார். மணம் முகத்தில் அடிக்க, இரண்டு அடி பின்னால் போனார். கண்ணைத் தோளில் தேய்த்தார்.

"எரியுது பிள்ளை. அடிக்கேக்கை இப்பிடி எரியிறேல்லை."

"கரைக்கிற இடத்திலதான் அண்ணை எரிவு கூட."

"அவள் எரியுதெண்டு ஒருநாளும் சொல்லேல்லையே." போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவள் இதை எப்பிடித் திறந்தவள்?"

இதை மறைக்கச் சொல்லி அக்கா என்னிடம் கேட்கவில்லை.

"பல்லால அண்ணை."

அவர் தோய்க்கிற கல்லில் இருந்துவிட்டார். முன்னால் பரல் தண்ணீர் சும்மா கிடந்தது. நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது, அக்கா கேட்ட அதே வார்த்தையில்.

"எங்கட பிள்ளையள் தங்காததும் இதாலயோ?"

"சொல்ல ஏலாது அண்ணை."

"அவளுக்கு அப்பிடி ஒரு எண்ணம் இருந்ததோ? உம்மோட எல்லாம் கதைக்கிறவள்தானே."

"இல்லை அண்ணை. ஒண்டும் சொல்லேல்லை."

அவர் என்னை நம்பினாரோ இல்லையோ, எனக்கு இன்றுவரை தெரியாது. மெல்ல எழுந்து, சேட்டுக் கையைச் சுருட்டி, பரலுக்குக் கிட்டப் போனார்.

"வெறுங்கையை விடாதேங்கோ அண்ணை," என்றேன். "அலுமாரியில, அக்கான்ர கூறை இருந்த தட்டில பாருங்கோ. கையுறை இருக்கு. புதுசு."

அவர் உள்ளே போனார். அலுமாரிக் கதவு திறக்கிற சத்தமும், பிறகு பிரிக்காத அந்தப் பையின் சரசரப்பும் கேட்டன. நான் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வெயில் ஏறிவிட்டது, அவர் வெளியே வரவில்லை.